அம்மாவுக்குச் சுகர் எப்போது தொடங்கியது? தாராவியில் ஆய்வு செய்ய யோசனை வேண்டும்

தாராவிப்பேத்தி

எல்லோருக்கும் வணக்கம். மும்பையில் பொதுச் சுகாதாரம் முதுகலை படிக்கிறேன், இரண்டாம் வருடம். பிறந்து வளர்ந்தது தாராவி கிராஸ் ரோடு பக்கம். தாத்தா 1950களில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தோல் கம்பெனியில் வேலைக்கு நின்றவர். ஆய்வுத் தலைப்பு கொடுக்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் அம்மாவை ஒரு சுகர் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் வேண்டாம். அங்கே ஒருவர் தாளை வைத்துக்கொண்டு கேட்டார்: சோறு எத்தனை வேளை, இனிப்பு சாப்பிடுவீர்களா, நடைப்பயிற்சி உண்டா. அம்மா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். தாளைக் கையில் வாங்கிப் பார்த்தால் "உடல் உழைப்பு இல்லாத வாழ்க்கைமுறை" என்ற இடத்தில் டிக் அடித்திருக்கிறது. அம்மாவின் எடை 48 கிலோ. விடிகாலை நாலரைக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்தால் இரவு பதினோரு மணிக்குத்தான் முதுகு தரையில் படும். அந்தத் தாளை மடித்து வைத்திருக்கிறேன், இப்போது எடுத்துப் பார்த்தாலும் கோபம் வருகிறது.

அந்தத் தாள் கேட்காதது எத்தனையோ இருக்கிறது. அம்மா 1975இல் பிறந்தவர், ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக் களையெடுக்க அனுப்பினார்கள், காலையில் கஞ்சி, ராத்திரி இருந்தால் சோறு. 17 வயதில் கல்யாணம் முடிந்து தாராவிக்கு வந்தார். 19 வயதில் அண்ணன் பிறந்தான், 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அப்புறம் நாங்கள் இரண்டு பேர். 1996இலிருந்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் பீஸ் ரேட்டில் காலர் தைத்தார், உட்கார்ந்த இடத்திலேயே பத்து பன்னிரண்டு மணி நேரம், எழுந்தால் காசு குறையும், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதாலேயே தண்ணீர் குடிக்க மாட்டார். 41 வயதில் சுகர். இதில் எந்த வயதில் அந்த நோய் தொடங்கியது?

என் வழிகாட்டி நல்லவர்தான், ஆனால் உணவு, உடற்பயிற்சி, புகையிலை மூன்றுக்கும் கேள்வித்தாள் போட்டு 200 பேரிடம் வாங்கிவிடு, சீக்கிரம் முடியும் என்கிறார். எனக்கு வாழ்நாள் முழுவதையும் கேட்க வேண்டும் என்றிருக்கிறது. அதை எப்படிச் செய்வது, செய்தால் ஆய்வு என்று ஒத்துக்கொள்வார்களா? இங்கே டாக்டர்கள், கணக்கு தெரிந்தவர்கள், பழைய தாராவிக்காரர்கள் எல்லோரும் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.


மாட்டுங்கா வைத்தி

முப்பது வருடம் இன்ஷூரன்ஸில் மரண விகிதக் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் இரண்டு கேள்வி கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே அம்மா. முதலாவது, எங்கள் குடும்பத்தில் அப்பா, பெரியப்பா, நான், என் தங்கை எல்லோருக்கும் சுகர். யாரும் கஞ்சி குடித்து வளரவில்லை. இது ரத்தத்தில் வருவது இல்லையா? இரண்டாவது, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் மாட்டுங்காவிலும் அதே நோய், அந்தப் பக்கம் தாராவியிலும் அதே நோய் என்றால் ஏற்றத்தாழ்வு என்று எதைச் சொல்கிறாய்? அதை முதலில் தெளிவாக்கினால்தான் எதை அளப்பது என்று தெரியும்.


செம்பூர் கதிர்

வைத்தி சார், கேட்க வேண்டிய கேள்விதான். நான் வேலூரில் படித்துவிட்டு இங்கே நோய்ப்பரவல் ஆய்வில் இருக்கிறேன், தெரிந்ததை எழுதுகிறேன்.

பரம்பரை உண்டு, மறுக்க முடியாது. ஆனால் மரபணு மட்டுமே என்றால் சில விஷயங்களுக்கு விளக்கம் கிடைக்காது. மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் மிஷன் ஆஸ்பத்திரியில் 1934இலிருந்து பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச்சுற்றளவு எல்லாம் பேரேட்டில் இருந்தன. அந்தக் குழந்தைகள் பெரியவர்களான பிறகு தேடிப்பிடித்து இதயத்தைப் பரிசோதித்தார்கள், 1996இல் முடிவு வந்தது. பிறக்கும்போது இரண்டரை கிலோ அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு இதய நோய் 11 சதவீதம், 3.1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு 3 சதவீதம். பேரேட்டில் எழுதிய அன்றைக்கு அந்தக் குழந்தைக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது.

டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து அளந்துகொண்டே வந்தார்கள். 26 முதல் 32 வயதில் சுமார் 1,500 பேரைப் பரிசோதித்ததில், சுகரோ அதன் முதல் படியோ வந்தவர்கள் இரண்டு வயது வரை ஒல்லியாக இருந்து, அப்புறம் மற்ற பிள்ளைகளுக்கு முன்னாலேயே சதை போடத் தொடங்கியவர்கள். சிறு வயதில் யாரும் குண்டுப் பிள்ளை இல்லை, ஒல்லியில் தொடங்கி மேலே ஏறிய அந்தப் பாதைதான் கெடுத்தது. புனே பக்கத்துக் கிராமங்களில் 1993இல் யாஜ்னிக் குழு தொடங்கிய ஆய்வு உங்கள் அம்மாவின் 48 கிலோவுக்கு இன்னும் நெருக்கம். அங்கே பிறந்த குழந்தை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தில் சௌதாம்டனில் 3.5 கிலோ. தசையும் வயிற்று உறுப்புகளும் குறைவு, ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்த்தால் ஒல்லி, உள்ளே கொழுப்பு. தராசைப் பார்த்து இந்த உடம்பைப் புரிந்துகொள்ள முடியாது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சார், உங்களுக்கு எந்த வயதில் தெரிந்தது, எப்படித் தெரிந்தது? வருடாந்திரப் பரிசோதனையில் தெரிந்திருக்கும். கண், சிறுநீரகம், பாதம் பார்த்திருப்பார்கள். தாராவியில் பல பெண்களுக்குக் காலில் புண் ஆறாமல் போய்த்தான் சுகர் என்றே தெரிகிறது. நோயின் பெயர் ஒன்றுதான். எந்த வயதில் வந்தது, எப்போது தெரிந்தது, வந்த பிறகு எத்தனை வருடம் வேலை செய்ய முடிந்தது, கால் மிஞ்சியதா, இங்கெல்லாம்தான் வித்தியாசம்.

இது ஏழை, பணக்காரன் என்று இரண்டாக உடைகிற விஷயமும் இல்லை, படிப்படியாக இறங்குகிறது. லண்டனில் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில் பதினெட்டாயிரம் அரசு ஊழியர்கள், எல்லோரும் ஆண்கள், எல்லோருக்கும் மாதச் சம்பளம், எல்லோருக்கும் இலவச மருத்துவம். ஆனாலும் கடைநிலை ஊழியர்களின் இதய நோய் மரணம் உயர் அதிகாரிகளைப் போல மூன்று மடங்குக்கு மேல். அதைவிட முக்கியம், நடுவில் இருந்த ஒவ்வொரு படியிலும் மேல்படியைவிடக் கூடுதல். புகை, பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாம் கழித்த பிறகும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது. அந்த ஆய்வில் இருந்த மைக்கேல் மார்மாட் அதைத்தான் பிறகு வாழ்க்கை முழுக்கத் துரத்தினார். 1985இல் இரண்டாவது தடவை பெண்களையும் சேர்த்து 10,308 பேரைத் தொடர்ந்தபோது, தன் வேலையில் தனக்குப் பிடி இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று வந்தது. பீஸ் ரேட்டில் காலர் தைத்த அம்மாவுக்குக் கழிப்பறை போவதில்கூடப் பிடி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஆய்வில் விடாதீர்கள்.


லல்லுபாய் செல்வி

தங்கச்சி, உன் பதிவைப் படித்து அழுதுவிட்டேன். நான் வார்டில் வீடு வீடாகப் போகிற சுகாதார சேவிகா. நாங்கள் முதலில் வடாலாவில் ரயில்வே ஓரம் குடிசையில் இருந்தோம், ரோடு விரிவாக்கத்தில் இடித்துவிட்டு மான்கூர்ட் லல்லுபாய் காம்பவுண்டில் ரூம் கொடுத்தார்கள். 225 சதுர அடி, உள்ளேயே கழிப்பறை. அம்மா முதல் நாள் அந்தக் கழிப்பறைக் கதவைத் திறந்து திறந்து பார்த்தார். எங்களுக்கு அது பெரிய விஷயம், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் எங்களுடையது முதல் மாடி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், நடுவில் மூன்று மீட்டர்கூடத் தேறாது, கீழே குப்பை, அதனால் ஜன்னலைத் திறப்பதே இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கும் டியூப்லைட். என் தம்பிக்கு இரண்டாவது வருடம் டிபி. குடிசையில் இருந்தபோது வராதது பில்டிங்கில் வந்தது. அவன் சரியாகிவிட்டான், ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் டிரைவர் வேலை போய்விட்டது, திரும்பச் சேரும்போது முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளம், வாங்கிய கடன் இன்னும் ஓடுகிறது. நோய் போன பிறகும் நோய்க்குப் பணம் கட்டுகிறோம்.

2018இல் இந்தக் கட்டடங்களை வைத்தே ஆய்வு வந்தது. லல்லுபாயிலும் கோவண்டி நட்வர் பாரேக் காம்பவுண்டிலும் ஏறக்குறையப் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் டிபி, பக்கத்திலேயே இருக்கிற பி.எம்.ஜி. காலனியில் நூற்றுக்கு ஒன்று. அங்கே கட்டடங்களுக்கு நடுவில் இடம் இருக்கிறது, வெயில் வருகிறது. எங்களிலும் கீழ்மாடிகளில்தான் அதிகம். அதனால் நீ ஆட்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் எந்த மாடி, ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேள்.


மாட்டுங்கா வைத்தி

கதிர், என் வாயை அடைத்துவிட்டீர்கள். எனக்குத் தெரிந்தது 44 வயதில், ஆபீஸ் பரிசோதனையில். இருபத்தைந்து வருடமாகப் பாதத்தை ஒரு டாக்டர் பார்த்துவருகிறார். செல்வி சொன்னதைப் படித்துவிட்டு ராத்திரி நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

கணக்கில் என்னால் முடிந்த உதவி ஒன்று. கோவண்டி, மான்கூர்ட், தேவ்னார் எல்லாம் அடங்கிய எம் கிழக்கு வார்டு பற்றி 2009 மும்பை மனித வளர்ச்சி அறிக்கையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நகரத்தில் கடைசி இடம், சரி. ஆனால் அங்கே "ஆயுட்காலம் 40 வயதுகூட இல்லை" என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அது ஆயுட்காலம் இல்லை. இறந்தவர்களின் சராசரி வயது. இரண்டும் வேறு. குழந்தைகளும் இளைஞர்களும் நிறைந்த வார்டில், ஒவ்வொரு வயதிலும் இறக்கும் விகிதம் மாட்டுங்காவைப் போலவே இருந்தாலும் இறந்தவர்களின் சராசரி வயது குறைவாகத்தான் வரும், ஏனென்றால் இறப்பதற்கு அங்கே கிழவர்களே குறைச்சல். அந்த வார்டின் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1927இலிருந்து நகரத்தின் குப்பையைத் தேவ்னாரில் கொட்டுகிறோம், 2016 ஜனவரியில் அது பற்றியெரிந்தபோதுதான் மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஆனால் தப்பான எண்ணைச் சொல்லி வாதாடினால் எதிராளி அந்த எண்ணை உடைத்துவிட்டு மொத்தத்தையும் பொய் என்று சொல்லிவிடுவான். வயது வாரியாகப் பிரித்த விகிதம் கிடைத்தால் மட்டும் எழுது.


சயான் அண்ணாச்சி

மாநகராட்சி சுகாதாரத் துறையில் முப்பத்து நாலு வருடம். மலேரியா மருந்து அடித்திருக்கிறேன், சொட்டு மருந்துக்கு அலைந்திருக்கிறேன், தாராவியில் எனக்குத் தெரியாத சந்து கிடையாது. பாப்பா, நீ ஒன்றைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

லிஸ்டை எடுத்துக்கொண்டு ரூமுக்குப் போவோம். ஆளைக் காணோம். எங்கே என்றால் ஊருக்குப் போயிருக்கிறார். மராத்திக்காரர் வீட்டிலும் அதே பதில்தான், காவாலா கேலா. முதலில் ரஜா எடுத்துப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஐந்தாறு வருடம் கழித்துத்தான் புரிந்தது. நெஞ்சு வலி வந்தவர், ஈரல் கெட்டவர், ரத்தமாகக் கக்கியவர், இங்கே படுக்க இடமும் பார்க்க ஆளும் இல்லாமல் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறிவிடுவார். பிணமாகக் கொண்டுபோகிற செலவு தாங்காது என்று உயிரோடு போகிறவர்களும் உண்டு. சாவு அங்கே பதிவாகும், தாராவிக் கணக்கில் வராது. நீ இப்போது போய் 60 வயதுக்காரர்களைத் தேடினால் யார் கிடைப்பார்? தாங்கி நின்றவர்கள்தான் கிடைப்பார்கள். அவர்களை வைத்துப் பார்த்தால் தோல் கம்பெனி வேலை உடம்புக்கு நல்லது என்றுகூட வந்துவிடும்.

வருகிறவர்களும் அப்படித்தான். அந்தக் காலத்தில் ஊரில் வலுவான பையனைத்தான் பம்பாய்க்கு ஏற்றுவார்கள், நோஞ்சானை அனுப்ப மாட்டார்கள். ஆக வரும்போது பலசாலி, போகும்போது நோயாளி, நடுவில் இருந்த முப்பது வருடத்தை யாரும் எழுதவில்லை.

அதனால் ரூமைக் கேட்காதே, குடும்பத்தைக் கேள். உன்னோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், இருக்கிறார்களா, எங்கே இருக்கிறார்கள், போனவர்கள் எந்த வயதில் போனார்கள்.


தாராவிப்பேத்தி

அண்ணாச்சி, என் தாத்தா அப்படித்தான் போனார். 1988இல் ஊருக்குப் போய் நாலு மாதத்தில் இறந்தார், 58 வயது. எங்கள் வீட்டில் அதை ஊரில் நடந்த சாவு என்றுதான் சொல்வோம்.

சரி, பெரிய சந்தேகம் ஒன்று. மைசூரில் பேரேடு இருந்தது, டெல்லியில் பிறந்ததிலிருந்து அளந்தார்கள். என்னிடம் ஒன்பது மாதமும் ஒரு பழைய ஸ்கூட்டியும்தான் இருக்கின்றன. 60 வயதுப் பாட்டியிடம் பத்து வயதில் என்ன நடந்தது என்று கேட்டால் நம்ப முடியுமா? வழிகாட்டியும் அதைத்தான் கேட்கிறார்.


செம்பூர் கதிர்

நம்பும்படி கேட்க வழி இருக்கிறது. லைஃப்கிரிட் என்று பெயர். ஒரு பெரிய தாளில் இடது பக்கம் வருடம், பக்கத்தில் ஊரறிந்த சம்பவங்கள், அப்புறம் குடும்பம், வீடு, வேலை, உடம்பு என்று பத்தி பிரித்துக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். எதிரும் புதிருமாக உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்து நிரப்ப வேண்டும். எந்த வருடம் வேலைக்குப் போனீர்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "எம்ஜிஆர் இறந்தபோது எங்கே இருந்தீர்கள், கையில் பிள்ளை இருந்ததா" என்று கேட்டால் வந்து விழும். இங்கிலாந்தில் 1930களின் கடைசியில் சர்வே எடுத்த குடும்பங்களின் பிள்ளைகளை ஐம்பது வருடம் கழித்துத் தேடிப்பிடித்து, டேவிட் பிளேன் குழு இந்த முறையில் கேட்டு, பழைய காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 1997இல் வெளியானது. அப்பாவின் வேலை, வீட்டில் எத்தனை பேர் போன்ற எளிய விவரங்களைப் பெரும்பாலானோர் சரியாகவே சொல்லியிருந்தார்கள். உங்கள் வழிகாட்டியிடம் இதைக் காட்டுங்கள்.

தாராவிக்குச் சம்பவப் பத்தியை நீங்களே போட்டுவிடலாம். 1975 எமர்ஜென்சி, 1982 மில் ஸ்டிரைக், 1984 இந்திரா, 1987 டிசம்பர் எம்ஜிஆர், 1992–93 கலவரம், 2005 ஜூலை 26 வெள்ளம். அன்றைக்குச் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது, அதை மறந்தவர்கள் யாரும் இருக்க முடியாது.

உடம்பே வைத்திருக்கிற சாட்சி ஒன்றும் உண்டு. ஸ்டூலில் உட்காரவைத்து உட்கார்ந்த உயரத்தை அளந்து, நின்ற உயரத்திலிருந்து கழித்தால் கால் நீளம். சிறு வயதில் சரியாகச் சாப்பிடாத பிள்ளைக்குக் கால்தான் முதலில் குறையும். வயதானால் முதுகு வளையும், கால் எலும்பு அவ்வளவாகக் குறையாது.

அப்புறம், ஒப்பிட்டுப் பார்க்கப் பெரிய தரவு வேண்டுமென்றால் தேவ்னாரில் ஐஐபிஎஸ் என்ற மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் நடத்தும், முதுமை பற்றிய லாசி ஆய்வு இருக்கிறது. 2017–18இல் 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களுடைய கணவன் மனைவியருமாக 72,000க்கும் அதிகமானவர்கள். சிறு வயதில் குடும்பத்தின் பண நிலை, உடல்நிலை எப்படி இருந்தது என்றும் கேட்டிருக்கிறார்கள். மாணவர்கள் விண்ணப்பித்து வாங்கலாம்.


சயான் அண்ணாச்சி

கதிர் தம்பி சொன்ன தாளோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள். பழைய ஆட்களிடம் போட்டோபாஸ் இருக்கும். 1976இல் குடிசைக் கணக்கெடுப்பு எடுத்துக் கொடுத்தது, குடும்பத் தலைவர் போட்டோவோடு. பிளாஸ்டிக் கவரில் சுற்றி டிரங்குப் பெட்டியில் அடியில் வைத்திருப்பார்கள், ஏனென்றால் மாற்று ரூம் கிடைக்க அதுதான் ஆதாரம். ரேஷன் கார்டில் பிள்ளைகளின் பெயர் எப்போது சேர்ந்தது, எப்போது அடித்தார்கள் என்றும் தெரியும். தமிழ் ஆள் எவனும் காகிதத்தைத் தொலைக்க மாட்டான், இந்த ஊரில் தொலைத்தால் வீடு போச்சு. நீயாகக் கேட்காதே, பேசி முடிக்கிற நேரத்தில் அவர்களே எடுத்துக் காட்டுவார்கள்.


ஆண்டாப்ஹில் ரமேஷ்

எல்லாம் படித்தேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன். வறுமையில் பிறந்தவனுக்கு நோய் வரும் என்று கண்டுபிடிக்க ஆய்வு எதற்கு? என் ஆயாவைக் கேட்டால் சொல்லிவிடுவார். எங்கள் பகுதிக்கும் எத்தனையோ பேர் ஃபாரம் எடுத்துக்கொண்டு வந்தார்கள், போனார்கள். குழாயில் தண்ணீர் மட்டும் வரவில்லை. பேத்தி மேல் கோபம் இல்லை, ஆனால் கேட்கத்தான் தோன்றுகிறது.


லல்லுபாய் செல்வி

ரமேஷ் அண்ணா, ஃபாரம் எடுத்துப் போகிறவள் நான்தான், அதனால் உங்கள் கோபம் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். என் தம்பிக்கு டிபி வந்தபோது எல்லோரும் அவனைத்தான் குற்றம் சொன்னார்கள், குடிக்கிறான், சுத்தமில்லை என்று. அவன் குடிக்கவே மாட்டான். அந்த பில்டிங் ஆய்வு வந்த பிறகுதான் நாங்கள் சொசைட்டி கூட்டத்தில் எழுந்து நின்று இது கட்டடத்தின் குற்றம் என்று சொல்ல முடிந்தது. கட்டடத்தை யாரும் இன்னும் மாற்றவில்லை. ஆனால் என் தம்பி தலைகுனிந்து நடப்பது நின்றது.


செம்பூர் கதிர்

ரமேஷ், வறுமை காரணம் என்று ஆயாவுக்குத் தெரியும். எந்த வயதில் எதைக் கொடுத்தால் அந்தச் சங்கிலி அறும் என்பது ஆயாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

இதே மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஒரு ஆய்வு நடந்தது, 2006இல் தொடங்கியது. கல்யாணமாகி இன்னும் கர்ப்பமாகாத பெண்கள் ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். ஒரு பாதிப் பேருக்குத் தினமும் கீரை, பழம், பால் சேர்த்த சமோசா மாதிரி ஒரு பலகாரம், மறு பாதிக்கு உருளைக்கிழங்கு வெங்காயம் போன்றவை போட்டது. பிறந்த குழந்தைகளின் எடை கூடும் என்று எதிர்பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் கூடவில்லை, அதை மறைக்காமல் எழுதினார்கள். கர்ப்பமாவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே சாப்பிட்டவர்களுக்கு மட்டும் குழந்தை சராசரியாக 48 கிராம் கூடுதல், அதுவும் ரொம்ப ஒல்லியான தாய்களுக்குப் பலன் தெரியவில்லை. அவர்களுக்கு அந்தப் பலகாரம் போதாது, இன்னும் முன்னாலிருந்தே சாப்பாடு வேண்டியிருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. கர்ப்பகாலச் சுகர் 12.4 சதவீதத்திலிருந்து 7.3க்கு இறங்கியிருந்தது. தாய்க்குக் கர்ப்பத்தில் சுகர் வந்தால் பிள்ளைக்கும் பின்னாளில் வரும் வாய்ப்பு கூடும், ஆகவே இது இரண்டு தலைமுறை விஷயம்.

டிபியில் இன்னும் நேரடியாக இருக்கிறது. ஜார்க்கண்டில் 2019இலிருந்து 2022 வரை, நோயாளியின் வீட்டில் இருக்கிற பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு ஆய்வு. ஒரு பிரிவில் குடும்பத்துக்கே அரிசி, பருப்பு, சத்துமாத்திரை கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. ஊசி இல்லை, புது மருந்து இல்லை, அரிசியும் பருப்பும்தான்.

நம் ஊர் உதாரணமும் உண்டு. பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட சிறுமிகள் வளர்ந்து தாயானபோது அவர்களுடைய பிள்ளைகள் வளர்ச்சி குன்றுவது குறைந்தது என்று 2021இல் அகில இந்தியத் தரவை வைத்துக் காட்டினார்கள். காமராஜர் 1956இல் தொடங்கியதை, 1982இல் எம்ஜிஆர் விரிவாக்கியதை எண்ணிப்பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குள் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் தமிழ்நாட்டில் 25 சதவீதம், மகாராஷ்டிரத்தில் 35. வித்தியாசம் முழுக்க மதிய உணவால்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு தலைமுறைக்கு முன்னால் போட்ட சோறு இன்றைக்கு வந்து நிற்கிறது.


லேபர் கேம்ப் இளங்கோ

ஒரு விஷயத்தை எல்லோரும் சுற்றிப் போகிறீர்கள். பேத்தியின் தாத்தா ஏன் தோல் கம்பெனிக்குப் போனார்? திருநெல்வேலியிலிருந்து வந்த எல்லோரும் தோல் வேலைக்குப் போகவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி மயிர் நீக்குவது, குரோமியத் தண்ணீரில் நிற்பது எல்லாம் எந்தச் சாதிக்கு என்று ஊரிலேயே முடிவாகி, ரயிலில் கூடவே வந்தது. எங்கள் அப்பாவுக்குக் கை இரண்டும் வெடித்துப் புண்ணாக இருக்கும், அந்தக் கையால் எங்களுக்குச் சோறு ஊட்டமாட்டார். ஊட்டச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

வருமானம் மட்டும் கேட்டால் இது வராது. ஒரே வருமானம் இருந்தாலும் ஒருவன் கடை வைக்க முடிந்தது, மற்றவன் முடியவில்லை, ஒருவன் பிள்ளை பள்ளியில் முன்பெஞ்சில் உட்கார்ந்தான், மற்றவன் பிள்ளை உட்காரவில்லை. சாதியைக் கேள் தங்கச்சி. கேட்கத் தயங்கினால், முதல் வேலை எது, அதை யார் வாங்கிக் கொடுத்தார்கள், ஊரில் எந்தத் தெரு என்று கேள். மூன்றையும் சொன்னால் நான்காவது தானாகத் தெரியும். ஆனால் நேராகக் கேட்பதுதான் மரியாதை என்பது என் கருத்து.


தாராவிப்பேத்தி

இளங்கோ அண்ணா, நேராகவே கேட்கிறேன். நானும் அந்தத் தெருதான்.

இரண்டு வாரம் எழுதாததற்கு மன்னியுங்கள். கதிர் அண்ணா சொன்ன மாதிரி தாளில் கோடு போட்டு முதலில் அம்மாவிடமே செய்து பார்த்தேன். ஒரு மணி நேரம் என்று நினைத்தேன், மூன்று மணி நேரம் ஆனது. வருடமே ஞாபகமில்லை என்று தொடங்கியவர், கலவரம் என்றதும் நிமிர்ந்துவிட்டார். "நான் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஊரடங்கு போட்டார்கள், வீட்டில் ஏழு பேர், மூன்று நாளைக்கு ஒரு படி அரிசி." அங்கிருந்து முன்னும் பின்னும் எல்லாம் வந்தது. முதல் கர்ப்பத்தில் அப்பா, சித்தப்பாக்கள் சாப்பிட்ட பிறகு சட்டியில் இருந்ததுதான் அவருக்கு. காலர் ஒன்றுக்கு எத்தனை பைசா, எந்த வருடம் எவ்வளவு கூடியது, எல்லாம் துல்லியம். வெள்ளத்தில் தையல் மெஷின் போனது, அதற்கு வாங்கிய வட்டி, அந்த வருடம்தான் தலைசுற்றலும் தாகமும் தொடங்கியது என்று அவரே விரலை வைத்துக் காட்டினார். 2005. டாக்டர் கண்டுபிடித்தது 2016. அது சுகர்தானா என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் உடம்புப் பத்தியில் எழுதிக்கொண்டேன்.

அண்ணாச்சி சொன்ன கேள்வியையும் கேட்டேன். உடன்பிறந்தவர்கள் ஆறு பேர். இரண்டு பேர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். பெரியம்மா மட்டும் ஊரிலேயே இருக்கிறார். அதிலிருந்துதான் எனக்கு யோசனை வந்தது. ஒரே வீட்டில் ஒரே கஞ்சி குடித்து வளர்ந்த அக்கா தங்கை, ஒருவர் ஊரில், ஒருவர் தாராவியில். சிறு வயது ஏறக்குறைய ஒன்று, பெரிய வயது வேறு. இப்படி 40 ஜோடிச் சகோதரிகளைப் பிடித்து இரண்டு பக்கமும் தாளை நிரப்பி, கால் நீளமும் சுகரும் பிரஷரும் அளந்தால், வாழ்க்கையின் எந்தப் பகுதி என்ன செய்தது என்று கொஞ்சமாவது பிரித்துப் பார்க்க முடியாதா? ஊருக்குத் திரும்பிய நோயாளிகளும் அங்கே கிடைப்பார்கள். வழிகாட்டியிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 200 வேண்டாம், 40 ஜோடி போதும், செய் என்றார்.


செம்பூர் கதிர்

அருமையான யோசனை. கருவில் இருந்தபோது இரண்டு பேருக்கும் அம்மாவின் நிலைமை ஒன்றாக இருந்திருக்காது, வயது இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். இறந்துபோன சகோதரிகளையும் கணக்கில் வையுங்கள். பிரசவ மரணத்தைக் கணக்கிடவே சகோதரிகளைக் கேட்கும் முறை 1989இலிருந்து இருக்கிறது, உங்கள் முறைக்கு அது துணை நிற்கும்.


மாட்டுங்கா வைத்தி

கணக்குப் பார்க்க நான் வருகிறேன், காசு வேண்டாம். ஆனால் இப்போதே ஒரு ஓட்டையை அடைத்துவிடு. எந்த மகளைப் பம்பாய்க்குக் கொடுத்தார்கள், எந்த மகளை ஊரில் கொடுத்தார்கள் என்பது சீட்டுப் போட்டு முடிவு செய்ததா? ஆரோக்கியமான பெண்ணை இங்கே அனுப்பினார்களா, செல்லப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்களா? அது தெரியாமல் ஊரையும் தாராவியையும் ஒப்பிட்டால் ஒப்பீடு நிற்காது. முதலில் உன் அம்மாவையே கேள்.


தாராவிப்பேத்தி

கேட்டேன் சார்.

பெரியம்மாவைப் பக்கத்து ஊரில் கொடுத்தபோது நகைக்கும் சீருக்கும் இருந்த அரை ஏக்கரை விற்றார்களாம். அம்மாவின் முறை வந்தபோது விற்க ஒன்றும் இல்லை. பம்பாய் மாப்பிள்ளை நகை கேட்கவில்லை, ரயில் டிக்கெட்டும் அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். அம்மா இதை இதற்கு முன்னால் எங்களிடம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. சொல்லிவிட்டு உலை கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

தாளில் இன்னொரு பத்தி சேர்த்துக் கோடு போட்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு என்ன விற்றார்கள், யார் கல்யாணத்துக்கு என்று. நாளை பெரியம்மாவுக்குப் போன் செய்கிறேன்.